தரையில் உட்காராத வாத்தியம்

திரை தூக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது சபா செக்ரட்டரி கல்யாணராமன் வந்து என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நான் அதில் உட்கார்ந்திருந்தேன். முழங்கால்களுக்கு நடுவே செல்லோ.

"ஏம்மா டயானா, பாடறவா தரையில ஒக்காந்திருக்கச்சே பக்கவாத்தியம் நாற்காலியில ஒக்காரப்படாது. இந்த மேடையில அப்படி நடந்ததே இல்ல."

பாடப்போகிற நீரஜா நடுவில் சம்மணமிட்டு, சுருதிப்பெட்டியைத் திருகிக்கொண்டிருந்தாள். மூன்று மாதமாக அபிராமபுரத்தில் அவள் வீட்டு மாடியில் நாற்காலி போட்டுத்தான் அவளோடு வாசித்தேன். அப்போது யார் மரியாதையும் குறையவில்லை. இப்போது பெட்டியை விட்டுத் தலை நிமிரவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சார், தரையில குந்துனா இத்த வாசிக்க முடியாது. வில்லு மேடைப் பலகையில இடிக்கும்."

"பெரிய வயலின்தானே? கொஞ்சம் சாச்சுப் பிடிச்சுக்கோயேன்."

"வயலின் இல்ல சார். முழுப்பேரு வயலோன்செல்லோ. அதுல செல்லோன்றது வெறும் வாலு. சின்னதுன்னு அர்த்தம்."

"இதுவா சின்னது?"

"இத்தவிடப் பெருசு ஒண்ணு கீது சார்."

அவர் சிரிக்கவில்லை. "இல்லேன்னா மிருதங்கம் மட்டும் போறும். நீ கீழ போய் ஒக்காந்து கேளு."

ஆறு வருஷம் சர்ச்சில் பாடகர்களுக்குப் பின்னால், தூண் மறைவில் வாசித்தவள் நான். ஜனங்கள் முகம் பார்த்து வாசிப்பது இன்றுதான் முதல்முறை. மீன்கூடையை ஏற்றமாட்டேன் என்ற கண்டக்டர்களோடு அம்மா போட்ட சண்டையையெல்லாம் நொச்சிக்குப்பத்துக்கும் அபிராமபுரத்துக்கும் நடுவே இந்தச் செல்லோவுக்காக நானும் போட்டுவிட்டேன். கீழே போய் உட்காரவா?

எழுந்தேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

செல்லோவின் அடியில் ஓர் ஊன்றுகம்பி உண்டு. திருகைத் தளர்த்தினால் வெளியே வரும். ஒரு முழக் கம்பியையும் முழுதாக இழுத்து முடுக்கி, பலகையில் ஊன்றினேன். நான் குள்ளம். அது உதவியது இன்றைக்குத்தான். நின்றபடி தோளில் சாய்த்துக்கொண்டேன். பயமும் இருந்தது, ஆத்திரம் அதைவிட அதிகம்.

திரை உயர்ந்தது. முன்வரிசை முகங்கள் எல்லாம் பாடகியைத் தாண்டி, நிற்கிற என்னை நோக்கி ஒரேயடியாக நிமிர்ந்தன. நீரஜா அண்ணாந்து என்னைப் பார்த்தாள். பார்த்து, ஆரம்பிக்கலாம் என்று தலையசைத்தாள்.

ஓரத்திலிருந்து கல்யாணராமன், சபைக்குத் தெரியாதபடி குனிந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"ஒக்காரும்மா... ஒக்காந்துடு, ப்ளீஸ்."

அடித்தந்தியில் வில்லை வைத்து ஷட்ஜத்தை நீளமாக இழுத்தேன். கம்பி வழியாக இறங்கிய ஒலியில் பலகை அதிர்ந்தது. அவர் கையில் அந்த நாற்காலி கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது.