பத்தொன்பது நாள் முன்னால் வந்த பெட்டி

போர் தொடங்குவதற்குப் பத்தொன்பது நாட்களுக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை, அதில் சாகப்போகிறவனின் சவப்பெட்டி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பார்சல் ஆபீசில், சூரத் புடவைக் கட்டுகளுக்கும் ஒரு வாஷிங் மெஷினுக்கும் நடுவே அதை இறக்கி வைத்திருந்தார்கள். ஒட்டியிருந்த சீட்டில் இளஞ்செழியன், தந்தை பெயர் ராஜமாணிக்கம், அடி அண்ணாமலை என்று தெளிவாக அச்சடித்திருந்தது. படைப்பிரிவு எண்ணில் பிழையில்லை. இறந்த நாள் என்ற இடத்தில் அடுத்து வரும் மூன்றாவது சனிக்கிழமையின் தேதியும், பிற்பகல் 3.10 என்று நேரமும் இருந்தன. அந்த வாரம் தக்காளி கிலோ எழுபது ரூபாய், வெங்காயம் அறுபத்தைந்து. ராஜமாணிக்கம் இருபத்தாறு வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியின் முன் நின்றபடியே எல்லையில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். “இன்னாப்பா இந்நேரத்துல? டிபன் சாப்டுனு இருக்கேன்” என்றான். சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டு, வந்த சரக்கை யாராவது எடுத்துத்தானே ஆக வேண்டும் என்று கையெழுத்துப் போட்டார். பெட்டி வீட்டுக்கு வந்ததும் மருமகள் வேதா சீட்டை இரண்டு முறை படித்தாள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்றாள். அவள் புருஷன் உயிரோடு இருக்கிறான்; இருக்கும்வரை அதில் பார்க்க என்ன இருக்கிறது என்பது அவள் கேள்வி.

அன்று மாலையே வட்டம் கூடியது. வட்டம் என்பது செங்கம் சாலையில் பக்ருதீனின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறை. ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு விட்டால் நல்ல வாடகை வரும் என்று அவர் மனைவி அஜ்மத் பேகம் பதினோரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்ருதீன் அதை இடதுசாரிகளுக்குச் சும்மா விட்டிருக்கிறார். உறுப்பினர் நான்கு பேர். கடைக்காரர் பக்ருதீன், ஆயுள் காப்பீட்டு ஏஜெண்ட் பரசுராமன், கல்லூரியில் பொருளாதாரம் நடத்தும் கீதாஞ்சலி, செயலாளர் ராஜமாணிக்கம். முன்பு பன்னிரண்டு பேர் இருந்தார்கள். யாரையும் கேட்காமல் ஒருவர் போட்ட ஒரு நோட்டீஸால் வட்டம் மூன்றாக உடைந்து, பக்ருதீனும் பரசுராமனும் நான்கு வருடம் ஒரே பஸ்ஸில் ஏறாமல் இருந்தார்கள். மறுபடி சேர்ந்தபோது ஒரு விதி எழுதினார்கள்: நால்வரும் ஒப்புக்கொள்ளாத எதுவும் வட்டத்தின் பெயரில் வெளியே போகாது, யாரும் தனியாகவும் போய்ப் பேசக்கூடாது. வேறு எந்த அமைப்பிலும் இல்லாத ஜனநாயகம் இது என்பதில் அவர்களுக்குப் பெருமை உண்டு. ராஜமாணிக்கம்தான் அந்த விதியை எழுதியவர்.

பெட்டியைப் பற்றி நால்வருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. போர் வரப்போகிறது என்பதற்கு அது சாட்சி. போர் வராவிட்டால் அது காலிப்பெட்டி. பெட்டி வந்ததிலிருந்து பதினோராம் நாள் பௌர்ணமி. அன்று லட்சக்கணக்கான பேர் அடி அண்ணாமலை வழியாக மலையைச் சுற்றி நடப்பார்கள், ராஜமாணிக்கம் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். பெட்டியை வாசலில் வைத்து, இது ஏன் வந்தது, யாருக்காக வந்தது என்று ஒரு நோட்டீஸ் கொடுத்தால், சென்னையிலிருந்தும் ஆந்திராவிலிருந்தும் வருகிறவர்கள் அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அத்தனை ஊரில் கேள்வி எழும்பினால் டெல்லி யோசிக்கும். முதல் மாலையிலேயே இவ்வளவும் முடிவாகிவிட்டது. நோட்டீஸை எழுதுவது மட்டும்தான் பாக்கி.

கீதாஞ்சலி முதல் வரைவைக் கொண்டுவந்தாள். விலைவாசிக்கும் வேலையின்மைக்கும் பதில் சொல்ல முடியாத அரசு எல்லையைக் காட்டுகிறது என்று தொடங்கி, குண்டு தயாரிக்கும் கம்பெனியின் பங்கு ஆறு வாரத்தில் இரண்டு மடங்கானதையும், தினமும் ஒன்பது மணிக்குப் போர் வேண்டும் என்று கத்தும் டிவி சேனலின் முதலாளிதான் அந்தக் கம்பெனிக்கும் முதலாளி என்பதையும் அட்டவணையோடு எழுதியிருந்தாள். நான்கு பக்கம் வந்தது. நடக்கிறவன் நான்கு பக்கம் படிப்பானா என்று ஒரு மாலை போனது. எதிர்நாட்டு அரசையும் சரிசமமாகக் கண்டிக்க வேண்டும், இல்லாவிட்டால் இது மார்க்சியம் இல்லை, வெறும் புலம்பல் என்று பரசுராமன் சொன்னதில் இரண்டு மாலை. சரிசமம் போதாது, அதை முதலிலேயே போடுங்கள் என்றார் பக்ருதீன். “எம் பேரு கீழ இருந்தா நோட்டீஸை எவனும் படிக்க மாட்டான் தோழர். பேரை மட்டும்தான் படிப்பான். காலைல கடைல ஒரு கண்ணாடி முழுசா இருக்காது.” அப்படியானால் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, அது அதைவிடக் கேவலம் என்று அவரே மறுத்தார். சாவுக்கு முன்னால் சவப்பெட்டி வருவதை ஒரு பொருள்முதல்வாதி எழுத்தில் ஒப்புக்கொள்ள முடியாது என்று ஐந்தாம் நாள் பரசுராமன் புதிதாக ஒரு ஆட்சேபம் கிளப்பினார். “பாலிசி விக்கும்போது மட்டும் சாவை முன்னாடியே நம்புறீங்களே, அது எப்படி?” என்றார் பக்ருதீன். கீதாஞ்சலி சிரித்துவிட்டாள். பரசுராமன் எழுந்து போய்விட்டார். அவரை வீட்டுக்குப் போய் அழைத்து வர ஒரு நாள் ஆனது. பிறகு சிப்பாய் என்பவன் சீருடை போட்ட தொழிலாளியா, இல்லை அரசின் கையாளா என்ற விவாதம் இரண்டு மாலைகள் நடந்தது. சிப்பாயைப் பெற்றவர் அதே பெஞ்சில் உட்கார்ந்து, இருதரப்பு வாதங்களையும் ஒரு எழுத்து விடாமல் மினிட் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

இதற்கிடையில் வேதா தன்னால் ஆனதைச் செய்திருந்தாள். தனக்கு மஞ்சள் காமாலை ஜாஸ்தியாகிவிட்டது என்று புருஷனை லீவு கேட்கச் சொன்னாள். அவனுக்குப் பதினான்காம் நாளிலிருந்து பத்து நாள் லீவு கிடைத்தது. சீட்டில் இருந்த சனிக்கிழமை அதற்குள் அடங்கியது. பெட்டி விஷயத்தை அவனிடம் யாரும் சொல்லவில்லை. பௌர்ணமிக்கு முந்தின நாள், மாமனார் வாசலில் செருப்பு மாட்டும்போது அவள் வழிமறித்தாள்.

“மாமா, நோட்டீஸ் ஆச்சா?”

“இருபத்தேழாவது வரைவும்மா. கிட்ட வந்துட்டோம்.”

“நோட்டீஸே வேணாம் மாமா. நீங்க பெட்டிகிட்ட நின்னு, எம் புள்ள இன்னும் சாவல, அவனைச் சாவடிக்காதீங்கன்னு வர்றவங்ககிட்ட சொல்லுங்க. அது போதும்.”

“வட்டத்துல முடிவாவாம நான் தனியா நின்னா அது கட்டுப்பாடு இல்லம்மா. அப்புறம் யாருக்கும் கட்டுப்பாடு இருக்காது.”

“பெத்தது நீங்களா, வட்டமா?”

ராஜமாணிக்கம் செருப்பை மாட்டிக்கொண்டு வட்டத்துக்குக் கிளம்பினார். அன்று மாலை மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள். அட்டவணையை நீக்கியதற்காகக் கீதாஞ்சலி ஒப்புக்கொள்ளவில்லை.

பௌர்ணமியன்று மதியமே கூட்டம் நடக்கத் தொடங்கிவிட்டது. ராஜமாணிக்கம் வட்டத்துக்குப் போயிருந்தார். வேதா பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துத் தனியாகவே தெருவுக்கு இழுத்துவந்தாள். வெறும் பலகையின் எடைதான் இருந்தது. பக்கத்தில் நின்று, வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். ஆனால் பௌர்ணமிக் கூட்டத்தில் ஒரு பெண்ணின் குரல் பத்தடி தாண்டாது. நின்று கேட்கவும் முடியாது, பின்னால் வருகிறவர்கள் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது ஒரு நீளப் பெட்டியும் அதன் பக்கத்தில் கைகூப்பி அழும் ஒரு பெண்ணும்தான். வழியில் லிங்கத்துக்கு லிங்கம் நின்று கும்பிட்டு வந்தவர்கள் இதையும் கும்பிட்டார்கள். ஒரு குடும்பம் பெட்டியின் மேல் சூடம் ஏற்றியது. பின்னால் வந்தவர்கள் விபூதி தூவி, பூப்போட்டு, காசு போட்டார்கள். நெல்லூர்க்காரர் ஒருவர் தேங்காயே உடைத்தார். “இல்லைங்க, சாமி இல்லைங்க இது” என்று வேதா தொண்டை கட்டும்வரை கத்தினாள். ஆறு மணிக்கு, பௌர்ணமிச் செய்தி எடுக்க வந்திருந்த டிவி நிருபர் அருண்பிரசாத் கேமராவோடு வந்து சேர்ந்தான். எழுதிக் கொடுத்தது ஏதாவது இருக்கிறதா என்று அவன் முறையாகத்தான் கேட்டான். எதுவும் இல்லை, வேதாவுக்குக் குரலும் போயிருந்தது. சீட்டில் பெயரையும் ஊரையும் படம் எடுத்தான். தேதியின் மேல் விபூதி படிந்திருந்தது.

ஒன்பது மணிச் செய்தியில் திருவண்ணாமலை வீரனின் தியாகம், பதிலடி எப்போது என்று ஓடியது. அவன் எந்தப் போரில் இறந்தான் என்று கேட்க அந்த நிகழ்ச்சியில் யாரும் இல்லை. அழைத்திருந்த ஆறு பேருக்கும் கோபம் மட்டும்தான் இருந்தது. மறுநாள் அந்தப் படம் பன்னிரண்டு சேனல்களில் ஓடியது. சூடம் எரியும் பெட்டியும் அழும் மனைவியும் எல்லா மொழிக்கும் பொதுவாக இருந்தன. திங்களன்று சந்தை திறந்ததும் குண்டுக் கம்பெனியின் பங்கு ஒரே நாளில் நூற்றுக்குப் பதினொன்று ஏறியது. தன் அட்டவணையில் அந்த எண்ணைச் சேர்க்க வேண்டும் என்று கீதாஞ்சலி புதுத் திருத்தம் கொடுத்தாள். அதற்கு முன்பே, பன்னிரண்டாம் நாள் மாலை, இளஞ்செழியன் போன் செய்தான். “அப்பா, இங்க மெஸ் டிவில என்னைக் காட்டுறாங்க. நான் செத்துட்டனாம்.” முதலில் சிரித்தான். சிரிப்பு நின்றபின் மீதியைச் சொன்னான். இறந்தவர் பெயரில் லீவு வழங்க இயலாது என்று அவனுக்குக் கொடுத்திருந்த லீவை முகாமில் ரத்து செய்துவிட்டார்கள். உயிரோடு முன்னால் நிற்கிறேனே என்று கேட்டதற்கு, நாடே அழுகிறது, இப்போது அதைத் திருத்தி எழுதினால் எல்லோருக்கும் சங்கடம் என்றார்களாம். “டூட்டிக்கு மட்டும் நான் உசுரோட இருக்கேன்பா” என்றான். வேதா போனை வாங்கினாள். “ஓடி வந்துடுங்க” என்றாள். “எங்க ஓடுறது? டிக்கெட் எடுக்கவே எம் பேரு வேணும்” என்றான் அவன்.

போர் பத்தொன்பதாம் நாள், சனிக்கிழமை விடியற்காலையில் தொடங்கியது. தேரடித் தெருவில் பட்டாசு வெடித்தார்கள், இனிப்புக் கடைகளில் பத்து மணிக்குள் லட்டு தீர்ந்துபோனது. பிற்பகல் மூன்று பத்துக்கு, கூடத்தில் பெஞ்சின் மேல் வைத்திருந்த பெட்டி கனத்தது. பெஞ்சின் கால்கள் ஒவ்வொன்றாக முறிந்தன. பெட்டி தரையில் இறங்கி, இரண்டு டைல்ஸைப் பிளந்துகொண்டு நின்றது. பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த வேதா எழுந்து நேரம் பார்க்கவில்லை. அவளுக்குத் தெரியும். அதே நேரத்தில் செங்கம் சாலை மாடியில் நாற்பத்தோராவது வரைவு நிறைவேறியது. ஒருவர்கூட மறுக்கவில்லை. அட்டவணை சுருக்கமாக இருந்தது, இரு நாட்டு அரசுகளுக்கும் சம இடம் இருந்தது, சிப்பாய் சீருடை போட்ட தொழிலாளி என்று கண்டிருந்தது, பெட்டியைப் பற்றி ஒரு பொருள்முதல்வாதியும் குறை சொல்ல முடியாத ஒரு வாக்கியம் இருந்தது. இவ்வளவு நல்ல அறிக்கை இந்த மாவட்டத்தில் எழுதப்பட்டதே இல்லை என்று பரசுராமன் சொன்னார். பக்ருதீன் அவரைக் கட்டிக்கொண்டார். அச்சகத்துக்கு எடுத்துப் போனபோது, போர்க்காலத்தில் இதையெல்லாம் அடிக்க முடியாது என்று அச்சகக்காரர் தாளைத் தொடக்கூட மறுத்தார். ராஜமாணிக்கம் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கூடத்தில் உடைந்த பெஞ்சைப் பார்த்தார்.

போர் தொடங்கிய நான்காம் நாள் ஒரு அதிகாரி வெறும் கையோடு வந்தார். நல்ல மனிதர், ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். உடல் ஏற்கெனவே பெற்றுக்கொள்ளப்பட்டதாகப் பதிவில் இருக்கிறது, ஒரு கையெழுத்து மட்டும் வேண்டும் என்றார். வேதா போட்டாள். பெட்டியைத் திறக்கட்டுமா என்று அவர் கேட்டார். இப்போது திறக்கலாம் என்றாள். அவனேதான். இடது புருவத்தின் தழும்பு உட்பட எல்லாம் சரியாக இருந்தன. எட்டுப் பேர் தூக்கிப்போய் அடக்கம் செய்தார்கள். வட்டம் இரங்கல் தீர்மானம் எழுதத் தொடங்கியது. அது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ராஜமாணிக்கம் மினிட் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வேதா அவரோடு பேசுவதில்லை, சாப்பாடு மட்டும் போடுகிறாள்.

போர் நடந்துகொண்டிருக்கிறது. மாவட்டத்துக்குப் பெட்டிகள் செவ்வாயும் வெள்ளியும் வருகின்றன. பார்சல் ஆபீசில் ஒரு மூலையைக் காலி செய்து, சாக்கு விரித்து வைத்திருக்கிறார்கள். முன்கூட்டி எப்படி வருகிறது என்று ஆரம்பத்தில் ஒன்றிரண்டு பேர் கேட்டார்கள். இப்போது லாரி எத்தனை மணிக்கு வரும் என்றுதான் கேட்கிறார்கள். அந்த இரண்டு நாளும் வேதா காலையிலேயே போய் அங்கே நிற்கிறாள். போன வெள்ளிக்கிழமை தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்து வள்ளி என்ற அம்மாள் மகனுடைய பெட்டியை எடுக்க வந்திருந்தாள். வேதா சீட்டைப் படித்தாள். அதில் இருந்த தேதிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது.

“அக்கா, யாரையும் கேக்காதீங்க. இன்னிக்கே கலெக்டர் ஆபீஸ் வாசல்ல இதை வெச்சுக்கினு நில்லுங்க. நானும் வர்றேன்.”

வள்ளி தலையாட்டி முழுவதும் கேட்டுக்கொண்டாள். “நீ சொல்றது நாயந்தாம்மா. எங்க வூட்டுக்காரரு ஊர்ல நாலு பேரைக் கலந்துகினு சொல்றேன்னுருக்காரு. ஞாயித்துக்கெழம கூடுறாங்க.”

பெட்டிக்குத் தனியாக அறுபது ரூபாய் கேட்டான் ஆட்டோக்காரன். வள்ளி நாற்பதுக்குப் பேசி முடித்து, பெட்டியைப் பின்சீட்டில் குறுக்காக ஏற்றி, வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையில் மற்ற வண்டிகளுக்குத் தெரியும்படி ஒரு சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.