ஒற்றைக் கதவு அறை

அன்று லாட்ஜின் மாடியில் இருந்தவர்கள் நான், என் தம்பி மனைவி செல்லக்கனி, அவள் மகள் கீர்த்திகா. கீழே மேசையில் மானேஜர் ரத்தினசாமி இருந்தார். எங்கள் டிரைவர் அய்யாதுரை பஞ்சர் ஒட்ட மெயின் ரோட்டுக்குக் காரைக் கொண்டுபோயிருந்தான். வேறு யாரும் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிட வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர் சிவகாசியில் பேசப் பேச இந்தக் கணக்கில் ஆள் கூடிக்கொண்டே போகிறது.

தம்பி மஞ்சள்காமாலையில் போன பிறகு அவர்கள் இருவரும் என் வீட்டில்தான் இருக்கிறார்கள். சொந்த மகள் தப்பு செய்தால் ஊர் ஒரு வாரம் பேசும். தம்பி மகள் என்றால், வெள்ளைத்துரை வளர்த்த லட்சணம் என்று நான் செத்த பிறகும் பேசும். அதனால்தான் பிளஸ் டூ பரீட்சை முடியுமுன்பே அச்சாபீஸ் சங்கரபாண்டியனிடம் அவர் மகனுக்கு இவளைத் தருவதாகச் சொல்லியிருந்தேன். வெற்றிலைபாக்கு மாற்றவில்லை. ஆனாலும் சொன்னது சொன்னதுதான். இதற்கிடையில் அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. மறுத்தால் தகப்பன் இல்லாத பிள்ளையைத் தடுத்தான் என்பார்கள். "எடத்தப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். பார்ப்பது, ஒரு குறையைக் கண்டுபிடிப்பது, திரும்பி வருவது. அதுதான் என் எண்ணம்.

சேர்க்கையின் கடைசி நாளுக்கு முந்தின நாள் போனோம். குறை தேடிப் போனவனுக்கு அந்த வளாகம் பெரிய சோதனை. பெண்கள் விடுதி தனி மதிலுக்குள் இருந்தது. வாசலில் காக்கி உடுப்புப் போட்ட பெண் காவலாளி நின்றாள். அவள் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டுதான் உள்ளே விட்டாள். மெஸ்ஸில் சாம்பாரை ஒரு கரண்டி வாங்கிக் குடித்தேன். வீட்டுச் சாம்பாரை விட உப்பு சரியாக இருந்தது. நூலகத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் வேறு வேறு மேசைகள். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். எங்கள் பட்டாசுக் கம்பெனியிலும் அப்படித்தான் என்று கீர்த்திகா, சுற்றிக்காட்டக் கூட வந்த விடுதிக் காப்பாளர் அம்மாளிடம் பெருமையாகச் சொன்னாள். குளிரூட்டிய அந்த அறையில் எனக்கு வேர்த்தது.

கடைசியாக விடுதி அறையைக் காட்டினார்கள். நாலு கட்டில், நாலு அலமாரி, ஒரு ஜன்னல்.

"இன்னொரு கதவு எங்கன இருக்கு?" என்று கேட்டேன்.

விடுதிக் காப்பாளர் அம்மாளுக்குப் புரியவில்லை. "ஒரு ரூமுக்கு ஒரு கதவுதான் சார்."

"ஆபத்து அவசரம்னா புள்ளைக எப்படி வெளிய வரும்?"

"சார், இது ஹாஸ்டல். பட்டாசுக் குடோன் இல்ல."

கீர்த்திகா சிரித்துவிட்டாள். செல்லக்கனி கூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நான் சிரிக்கவில்லை. எம். புதுப்பட்டியில் எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு அறைக்கும் நாலு பக்கமும் கதவு உண்டு. எல்லாம் வெளிப்பக்கம் திறப்பவை. உள்ளே ஆள் இருக்கும்போது எந்தக் கதவும் தாழிடப்படாது. சாயங்காலம் அறைகளைப் பூட்டும் முன் நானே ஒவ்வொரு வாசலாக நின்று "உள்ள ஆள் இருக்கா?" என்று மூன்று தடவை கேட்பேன். சத்தம் வராவிட்டால்தான் பூட்டு. "ஆள் இருக்கு" என்று பதில் வந்தால், யார் சொன்னாலும், எதற்குச் சொன்னாலும் கதவு திறந்தாக வேண்டும். என் அப்பா வைத்த முறை இது. சின்ன வயதில் கீர்த்திகா ஒரு காலி அறைக்குள் ஒளிந்துகொண்டு விளையாட்டுக்கு அந்தப் பதிலைச் சொல்லியிருக்கிறாள். அந்த வார்த்தையில் விளையாட்டுக் கூடாது என்று முதுகில் ஒன்று வைத்தேன். அதற்குப் பிறகு அவள் அதைச் சொன்னதில்லை.

மறுநாள் காலையில்தான் சான்றிதழ் சரிபார்ப்பு என்பதால் பல்கலைக்கழக வாசலுக்கு எதிரேயே லாட்ஜில் இரண்டு அறை எடுத்தோம். வெளியூரில் தங்கினால் சொந்தப் பூட்டு கொண்டுபோவது என் பழக்கம். ஆர்டர் எடுக்க வடநாடு சுற்றிய காலத்துப் பித்தளைப் பூட்டு அது. லாட்ஜ் பூட்டுக்கு எத்தனை சாவி என்று யாருக்குத் தெரியும்?

காலையில் கிளம்பும் நேரத்துக்குச் சங்கரபாண்டியன் போன் செய்தார்.

"என்ன அண்ணாச்சி, லாட்ஜ்ல இருக்கீகளாம்ல? நம்ம லோடு ஏத்திட்டுப் போன லாரிக்காரன் பாத்துருக்கான். வயசுப் புள்ளைய லாட்ஜ்ல வச்சிருக்காகளேன்னு கேக்கான். நான் என்ன பதில் சொல்ல?"

"நான் கூட இருக்கேன்."

"நீங்க இருக்கீக, சரி. நாளைக்கு ஹாஸ்டல்ல யாரு இருப்பா? எங்க வீட்ல ஒரு மாதிரி பேசுதாக. பாத்துக்கிடுங்க."

பக்கத்து அறைக்குப் போனேன். கீர்த்திகா தலை பின்னி, சான்றிதழ் பைலைக் கையில் வைத்துக்கொண்டு தயாராக நின்றாள்.

"ஊருக்குக் கெளம்புங்க" என்றேன்.

"பெரியப்பா, மத்தியானத்தோட அட்மிஷன் முடிஞ்சிரும். எதுத்தாப்லதான ஆபீசு? சேந்துட்டு வந்துருதேன்."

"வேண்டாம்னா வேண்டாம்."

"அங்கன என்ன கொறைன்னு ஒண்ணு சொல்லுங்க. நானே வேண்டாம்னு சொல்லிருதேன்."

"ஒத்தக் கதவு."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். "நம்ம வீட்ல என் ரூமுக்கும் ஒத்தக் கதவுதான் பெரியப்பா."

செல்லக்கனியை வெளியே வரச் சொன்னேன். வந்தாள். கதவைச் சாத்தி என் பூட்டைப் போட்டேன். கார் வரும்வரைதான் என்று நினைத்தேன். உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்கவில்லை. அழுகையும் கேட்கவில்லை. செல்லக்கனி சுவரோடு சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வராந்தா ஜன்னல் வழியே எதிர் வாசலில் பைலோடு பிள்ளைகள் நுழைவது தெரிந்தது. கூடவே அப்பன்மார், டிபன் கூடை தூக்கிய அம்மாமார். அய்யாதுரை வரவில்லை. உள்ளே போகவும் முடியாமல், கீழே இறங்கவும் முடியாமல் சாவியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

ரத்தினசாமி மேலே வந்தார். பூட்டைப் பார்த்தார்.

"ரூம காலி பண்ணிட்டீகளா அண்ணாச்சி? அடுத்த பார்ட்டி வந்துக்கிட்டிருக்காக. பெருக்கச் சொல்லிருவமா? உள்ள ஆள் இருக்கா?"

வீட்டுப் பெண்ணைப் பூட்டி வைத்திருக்கிறேன் என்று ஒரு லாட்ஜ் மானேஜரிடம் எப்படிச் சொல்வது?

"ஆள் இல்ல" என்றேன்.

செல்லக்கனி நிமிர்ந்து பார்த்தாள். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. சத்தமாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. கம்பெனியில் பெண்கள் சொல்வார்களே, அதே மாதிரி.

"ஆள் இருக்கு."

நாற்பது வருஷத்தில் எத்தனையோ வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். உள்ளே ஆளை வைத்துக்கொண்டு இல்லை என்று சொன்னதில்லை. எழுந்தேன். சாவி முதலில் துவாரத்தில் இறங்கவில்லை. ரத்தினசாமி, "கொண்டாங்க அண்ணாச்சி, நான் தெறக்கேன்" என்று கை நீட்டினார். "தள்ளி நில்லும்" என்றேன்.

கதவு திறந்தது. கீர்த்திகா செருப்பை மாட்டிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"அத்தான், நானும் கூடப் போறேன்" என்றாள் செல்லக்கனி. என் உத்தரவைக் கேட்டது போல இல்லை. தாயும் மகளும் படியிறங்கி, ரோட்டில் ஒரு லாரி போகும்வரை நின்று, அந்தப் பக்கம் கடந்தார்கள். பெண் காவலாளி ஏதோ கேட்டாள். கீர்த்திகா பைலைத் திறந்து காட்டினாள். என் சட்டைப் பையில் போன் அடித்தது. சங்கரபாண்டியன் பெயர். அடித்து ஓயட்டும் என்று விட்டேன். மறுபடி அடித்தது.

கீர்த்திகா லாட்ஜில் பூட்டை உடைத்துக்கொண்டு எவனுடனோ ஓடிவிட்டாள் என்று சிவகாசியில் பேசிக்கொள்கிறார்கள். அவள் ஓடவில்லை, நடந்து போனாள். கூடப் போனது அவளைப் பெற்றவள். பூட்டு உடையவில்லை. சாவியோடு என்னிடம்தான் இருக்கிறது. திறந்தவன் நான்.