பள்ளிக்குள் ஓடும் வாய்க்கால்

நல்லேப்பிள்ளியில் மயிலாத்தாளின் வயலுக்குத் தண்ணீர் பள்ளிவாசலுக்குள் நுழைந்துதான் வர வேண்டும். பள்ளி என்றதும் குவிமாடத்தையும் மினாராவையும் நினைத்துவிடாதீர்கள். அடுக்குக் கூரை, ஓடு, பலாமரத் தூண்கள், சுண்ணாம்புச் சுவர். தூரத்தில் பார்த்தால் கோயில் என்றே கையெடுப்பீர்கள். நானூறு வருஷப் பழசு என்பார்கள், அதற்கும் மேல் என்பார்கள். கட்டினவர்கள் வாய்க்கால் தண்ணீரைக் கல்தூம்பு வழியே உள்ளே இழுத்தார்கள். தொழ வருகிறவர்கள் கைகால் கழுவ ஹவுளு என்கிற கல்தொட்டியை அதில் நிரப்பி, மிச்சத்தை அடித்தூம்பு வழியே கீழ்வயலுக்கு விட்டார்கள். முறைத்தண்ணீர் வரும் நாளில் அந்த அடித்தூம்பின் கல்லடைப்பை வயல்காரர் வீட்டு ஆள்தான் உள்ளே போய் எடுக்க வேண்டும். புருஷன் நஞ்சப்பன் இடுப்பு விழுந்து படுத்ததிலிருந்து அது மயிலாத்தாள் பாடு.

இந்த வருஷம் பள்ளிக் கமிட்டி ஹவுளை மூடத் தீர்மானித்தது. குழாய் வந்தாயிற்று, அந்த இடத்தில் தளம் போட்டால் இன்னும் கொஞ்சம் பேர் நின்று தொழலாம் என்றார்கள். கல்லும் மண்ணும் பாதிக்குமேல் கொட்டியாகிவிட்டது. அடித்தூம்பு அதற்கடியில் போயிற்று. தண்ணீர் உள்ளே வரும் தூம்பை அடைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. வாய்க்கால் காய்ந்து கிடக்கும் மாசத்தில் அதை யார் நினைப்பார்கள்?

நெல் பால்பிடிக்கும் நேரம். வயல் பாளம் பாளமாக வெடித்திருந்தது. அன்று காலையிலிருந்து மறுநாள் விடியும்வரை அவள் முறை. அதற்குப் பிறகு அணையிலேயே அடைத்துவிடுவார்கள். வாய்க்காலைப் பள்ளித் தூம்புக்குத் திருப்பும் மடைப்பலகையில் கை வைத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தூக்கினால் தண்ணீர் ஹவுளில் ஏறி, போக வழியில்லாமல் தொழும் இடத்துக்குள் புகுந்துவிடும். சுவரும் தூண்களின் காலும் ஊறிப்போகும். தூக்காவிட்டால் நெல் பதர். கமிட்டியிடம் முன்பே போய்ச் சொல்லியிருந்தாள், பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். இனி ஒருவர் முன்னால் போய் நிற்கத் தெம்பில்லை. திறந்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. பாவம், அவளை யார் குறை சொல்ல முடியும்?

பலகையைத் தூக்காமலே, தோளில் மண்வெட்டியோடு பள்ளிக்கு நடந்தாள். பள்ளி நிர்வாகத்தைப் பார்க்கும் முத்தவல்லி காஜா மைதீன் ராவுத்தர் தூணில் சாய்ந்து காலை நீவிக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க ராவுத்தரே, மடைகிட்ட இருந்து வாரனுங்க. தொறந்தா உங்க பள்ளி நனையும். தொறக்காட்டி என்ற வெள்ளாமை போயிரும். எதுன்னு நீங்களே சொல்லிப்போடுங்க. எனக்கு யோசிக்க முடியலீங்க.”

கமிட்டியிடம் தானும் சொல்லிப் பார்த்ததாகவும், தன் பேச்சைப் பெற்ற மகனே கேட்பதில்லை என்றும் ராவுத்தர் சொன்னார். பிறகு சாய்ந்திருந்த தூணை அண்ணாந்து பார்த்தார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார்.

“மம்பட்டிய இங்க குடு அம்மிணி.”

“கமிட்டி கேட்டா?”

“கேக்கறவன் ஒரு மம்பட்டியோட வரட்டும்.”

இரண்டு பேரும் ஹவுளுக்குள் இறங்கி அள்ளினார்கள். நாலு கூடை அள்ளுவது, உட்கார்ந்து மூச்சு வாங்குவது, மறுபடி அள்ளுவது. மதியத் தொழுகைக்கு வந்தவர்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தொழுது முடித்த சிலர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். போன வாரம் இதே மண்ணைத் தலையில் சுமந்து கொட்டியது நான்தான் என்று ஒருவன் சொல்லிக்கொண்டே சுமந்தான். யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை.

வெயில் சாயும்போது கல்லடைப்பு தட்டுப்பட்டது. எல்லோரும் விலகி நின்றார்கள். மயிலாத்தாள் குனிந்து அதை அசைத்து எடுத்தாள். பிறகு போய் மடைப்பலகையைத் தூக்கினாள்.

அவள் முறையில் பகல் முழுதும் போயிருந்தது. விடிந்து வாய்க்கால் வற்றியபோது அவள் வயலின் மேல்பாதி நனைந்திருந்தது. கீழ்ப்பாதியின் வெடிப்புகள் அப்படியே கிடந்தன. ஹவுளை என்ன செய்வது என்று கமிட்டி மறுபடி கூடிப் பேசுமாம். அதற்குள் மூடமாட்டோம் என்று மட்டும் ராவுத்தர் சொல்லி அனுப்பியிருந்தார்.

வீட்டில் நஞ்சப்பன் விழித்திருந்தார்.

“பாஞ்சுதா?”

“பாதி.”

“பள்ளி?”

“நனையலீங்க,” என்றாள். சேற்றுக்காலைக் கழுவாமலே கட்டிலுக்குக் கீழே வெறுந்தரையில் படுத்துக்கொண்டாள்.