பழைய வாடிக்கையாளரின் எண்

வெப்சைட் செய்து தரும் தொழிலைத் தொடங்கிய ஏழு மாதத்தில் நான் ஏறி இறங்காத கடை இல்லை. டயர் கடை, சலவைக் கடை, டியூஷன் சென்டர் என்று தொடங்கி சவப்பெட்டி செய்கிறவர் வரைக்கும் போய்விட்டேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். உட்காரச் சொல்வார்கள், மின்விசிறியை என் பக்கம் திருப்புவார்கள், முழுக் கதையையும் கேட்பார்கள். கடைசியில் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "இதுக்கு முன்னாடி யாருக்குச் செஞ்சு குடுத்திருக்கீங்க?" பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதை. சவப்பெட்டிக்காரர்கூட பழைய வாடிக்கையாளர் யாருடைய நம்பராவது இருக்கிறதா என்று கேட்டார். அவரிடம் அந்தக் கேள்வியை யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

காட்டுவதற்கு என்னிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அக்காவின் கணவருடைய மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நான் செய்து கொடுத்த வெப்சைட். அதற்கு அத்தானைச் சம்மதிக்க வைக்க நான்கு ஞாயிற்றுக்கிழமை அவர் காரைக் கழுவினேன். விருந்தாளிகள் வந்திருக்கும்போது என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு, "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க? நம்ம மச்சான் பரவாயில்ல, காராவது கழுவுறான்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அக்கா தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விடுவாள்.

அந்த வெப்சைட்டின் முகப்பில் இருப்பது அக்காவின் படம். பெரிய பழுப்புக் கண்ணாடி, லேசாகத் திரும்பிய முகம், பல் தெரியும் சிரிப்பு. படம் எடுத்த அன்று அவளுடைய இடது கண் வீங்கி, கன்னம் வரைக்கும் நீலம் பாய்ந்திருந்தது. அலமாரிக் கதவு இடித்துவிட்டது என்றாள். அந்த வீட்டு அலமாரிக் கதவுக்கு ஐந்து விரல் உண்டு என்பது எனக்குத் தெரியும். கடையில் இருந்ததிலேயே பெரிய கண்ணாடியை அத்தானே தேடி எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டு, "பாரு, இருந்த இடமே தெரியல" என்றார். கண்ணாடிக்கு வெளியே தெரிந்த மிச்சத்தை நான் கம்ப்யூட்டரில் அழித்தேன். நாலு நிமிஷ வேலை. வெட்கமாக இருந்தது. ஆனால் படம் பிரமாதமாக வந்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் முதன்முதலாகக் கேமரா வாங்கியபோது மணிக்கணக்கில் நின்று கொடுத்தவள் அவள்தான். "வெளிச்சம் போறதுக்குள்ள எடுடா" என்று அவள்தான் என்னை விரட்டுவாள்.

அப்பா அம்மா போன பிறகு எனக்கு அவள், அவளுக்கு நான். அப்படித்தான் ஊரில் சொல்லிக்கொண்டோம்.

எட்டாவது மாதம் பிறந்தால் அறையைக் காலி செய்துவிட்டுப் பழைய முதலாளியிடமே போய் நிற்பதாக இருந்தேன். "வந்துட்டியா?" என்று அவர் கேட்கப்போகும் தொனி ஏற்கெனவே காதில் கேட்டது. அந்த வாரம்தான் பல் டாக்டரம்மா கிடைத்தார். மூன்று கிளினிக், மூன்றுக்கும் சேர்த்து ஒரு வெப்சைட். என் லேப்டாப்பில் அக்காவின் படத்தைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னார்.

"இந்த மாடல் யாரு? பல்லுதான் முதல்ல கண்ணுல படுது."

என் அக்கா என்றேன். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தேன். ஆனால் டாக்டரம்மா எதையும் விசாரிக்காமல் செய்கிறவர் இல்லை. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அரைமணி நேரம் ஓய்வு கிடைக்கும், அப்போது கண்ணாடிக் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு முடிவு சொல்கிறேன் என்றார். எண்ணைக் கொடுத்துவிட்டு நேரே அத்தானிடம் ஓடினேன். அவர் ஒரு கண்ணாடியைத் துடைத்தபடியே, "பாப்போம் மச்சான். அன்னைக்கு என் மனசு எப்படி இருக்கோ" என்றார்.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்கா போன் செய்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

"அவரு கடைக்குக் கிளம்பிட்டாரு. துணியெல்லாம் பையில வச்சிட்டேன். வண்டி எடுத்துட்டு இப்பவே வா, தம்பி. இதுக்கு மேல என்னால முடியாது."

தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பார்கள். என் சதை ஆடவில்லை, கணக்குப் போட்டது. இப்போது அவளைக் கூட்டி வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் பத்து மணிக்குள் அத்தானுக்குச் சொல்லிவிடுவார்கள். பதினோரு மணிக்கு டாக்டரம்மா கூப்பிடும்போது அந்த மனுஷர் வாயிலிருந்து என்ன வரும்? சாப்பிட வந்துவிட்டு அத்தான் திரும்பக் கடைக்குப் போய்விடட்டும், மூன்று மணிக்கு வருகிறேன் என்றேன். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்கச் சொன்னேன். டாக்டரம்மா கூப்பிடப்போவதையும் சொன்னேன். மறைக்கவில்லை, அவளுக்குப் புரியும் என்று நினைத்தேன்.

"ஆறு மணி நேரந்தானே" என்றாள்.

பதினொன்றரைக்கு டாக்டரம்மா பேசினார். குரலிலேயே சந்தோஷம். அத்தான் நல்லபடியாகத்தான் சொன்னாராம். அதோடு, அக்காவும் கடையில் இருந்தாளாம், அவளிடமும் போனைக் கொடுத்தாராம்.

"வேலைன்னு வந்துட்டா என் தம்பி வேற எதையும் பாக்க மாட்டான், நம்பிக் குடுங்கன்னாங்க. கூடப் பொறந்தவங்களே அப்படிச் சொன்னா வேற என்ன வேணும்? நாளைக்கு வந்து கையெழுத்துப் போடுங்க."

நன்றி சொன்னேன். அவர் வைக்கவில்லை. "ஆனா அவங்களுக்குப் பேச்சே சரியா வரல. படியில விழுந்துட்டாங்களாம், முன் பல்லு ரெண்டு போச்சாம். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கேன். நானே சும்மா கட்டி விடுறேன். நம்ம வெப்சைட்டுக்கும் ஆச்சு. சிகிச்சைக்கு முன்னாடி ஒரு படம், பின்னாடி ஒரு படம். நீங்களே எடுத்துடுங்க."

பிறகுதான் தெரிந்தது: அத்தான் பத்து மணிக்கு, மறந்து வைத்த சாவிக்காக வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். பை இன்னும் கட்டிலுக்கு மேலேயே இருந்திருக்கிறது.

மூன்று மணிக்கு வண்டியோடு போனேன். சொன்ன சொல் தவறவில்லை. வீடு பூட்டியிருந்தது. கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால், கல்லாவுக்குப் பக்கத்தில் அக்கா பழுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடி. அவள் காலடியில் பை இருந்தது. உள்ளே போய்க் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்திருக்கலாம். இருபது அடி தூரம்தான். கையெழுத்து மறுநாள்தான் என்பது நினைவுக்கு வந்தது. அத்தான் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

அடுத்த வாரம் அத்தானே அவளைக் கிளினிக்கில் கொண்டு வந்து விட்டுவிட்டு, வெளியே காரில் காத்திருந்தார். டாக்டரம்மா அவள் உதடுகளை விலக்கி ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினார். இரண்டு பல் இருந்த இடம் கருப்பாகத் தெரிந்தது. நான் கேமராவைத் தூக்கினேன். முதல் படம் கலங்கலாக வந்தது. "கொஞ்சம் வலப்பக்கம் திரும்புக்கா" என்றேன். திரும்பினாள். அந்த வளையத்தோடு யாராலும் பேச முடியாது. கண்ணால் மட்டும் பார்க்கலாம். அவள் பார்த்தாள்.

டாக்டரம்மா கையுறை மாற்ற உள்ளே போனபோது அக்கா வளையத்தைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் கொப்பளித்தாள். பின்பக்கம் ஒரு வழி இருக்கிறது, வண்டி கொண்டு வந்திருக்கிறேன், இப்போதே போய்விடலாம் என்று அவள் காதருகே சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன். கையெழுத்துப் போட்டு ஆறு நாள் ஆகியிருந்தது.

அக்கா வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நீ உன் வேலையைப் பாரு, தம்பி. வெளிச்சம் போயிடும்."

பிறகு வளையத்தை எடுத்து அவளே மாட்டிக்கொண்டாள்.

படங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது தாடைக்குக் கீழே நாலு விரல் தடம் பச்சையாகப் பதிந்திருந்தது. வாடிக்கையாளருக்குப் பல் மட்டும்தான் வேண்டும். பல்லை அப்படியே விட்டுவிட்டுத் தடத்தை அழித்தேன். இந்தத் தடவை இரண்டு நிமிஷம் ஆனது, கை பழகிவிட்டது.

டாக்டரம்மாவின் வெப்சைட்டில் அந்தப் படங்கள் வந்த பக்கத்துக்கு நல்ல பேர். அதைப் பார்த்துவிட்டுத்தான் போன வாரம் ஒரு லாரி கம்பெனிக்காரர் கூப்பிட்டார். எல்லாம் பேசி முடித்துவிட்டு, இதற்கு முன்னால் யாருக்குச் செய்திருக்கிறீர்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை பேசலாமா என்று கேட்டார்.

தாராளமாக என்றேன். இப்போது என்னிடம் இரண்டு எண்கள் இருக்கின்றன. அத்தானுடையதைத்தான் முதலில் கொடுத்தேன். கேட்டால் அக்காவிடமும் போனைக் கொடுப்பார்.