கேட்டால்தான் கொடி

மே 14, புதன்கிழமை. ஒரு பிழை விட்டுவிட்டேன். விதித்தாளின் ஏழாவது வரியில் பெனல்டி என்று எழுதியிருக்கிறேன். நாங்கள் ஆடப்போவது 1888ஆம் ஆண்டு ஆட்டம். பெனல்டி வந்தது 1891இல். நாற்பது பிரதி எடுத்தாகிவிட்டது. நாற்பதிலும் பேனாவால் வெட்டினேன். அதற்கு முன்பே கால்பந்து கிளப்பின் கொலின் ஒன்றை எடுத்துப் படித்துவிட்டார்.

நாட்குறிப்பை எழுதி முடித்த வசந்தினி, கடைசி வாக்கியத்தின் கீழ் ஒரு கோடு போட்டாள். பிறகு அந்தக் கோடு தேவையா என்று யோசித்தாள்.

வயது இருபத்து மூன்று. பகலில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. கையில் இருப்பது தற்காலிக விசா. புதன்கிழமை பின்னேரங்களில் மெரிலேண்ட்ஸ் சமூக மண்டபத்தில் விளையாட்டின் வரலாறு பற்றிய வகுப்புக்குப் போய்வந்தாள். அந்த வகுப்பும் பக்கத்துப் பூங்காவில் ஆடும் கால்பந்து கிளப்பும் சேர்ந்து, இங்கிலாந்து லீக்கின் முதலாம் பருவத்தில் ஆடியதைப்போலவே ஓர் ஆட்டம் ஆடுவதென்று முடிவாகியிருந்தது. பழைய விதிகளைத் தேடித் தொகுத்தவள் வசந்தினி.

அந்தக் காலத்தில் விசிலோடு களமெல்லாம் ஓடும் நடுவர் கிடையாது. ஒவ்வோர் அணியும் தன் சார்பில் ஒரு நடுவரைக் கொண்டுவரும். இருவரும் கொடியோடு களத்துக்குள் நிற்பார்கள். இருவருக்கும் ஒத்துவராதபோது மட்டும், கோட்டுக்கு வெளியே கடிகாரத்தோடு இருக்கும் மூன்றாமவர் தீர்ப்புச் சொல்வார். இதையெல்லாம்விட விசித்திரமானது ஒன்று உண்டு. கண்ணெதிரே எத்தனை பெரிய அநியாயம் நடந்தாலும், ஆட்டக்காரர் ஒருவர் கையைத் தூக்கி முறையிட்டால் ஒழிய நடுவர் கொடியை அசைக்கக் கூடாது.

வகுப்பின் நடுவராக வசந்தினியைத் தெரிவு செய்தார்கள். அவள் சொல்லை நாலுபேர் கேட்டு நிற்கும் இடம் அதுவரை எங்கும் இருந்ததில்லை. கிளப்பின் செயலாளர் கொலினுக்கு அது பிடிக்கவில்லை. அவர்தான் கிளப்பின் நடுவர். "பெனல்டியையே பிழையாக எழுதிய பெண் சமாளிப்பாளா?" என்று வகுப்பாசிரியை ஜூடித்திடம் கேட்டிருக்கிறார். ஜூடித் அதை ஒரு வேடிக்கை போல வசந்தினியிடம் சொன்னார். கொலின் கேட்டதிலும் நியாயம் இருக்கிறதோ என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. விதிகளை முதலிலிருந்து மூன்று தரம் எழுதிப் பார்த்தாள். என்ன ஆனாலும் கடைசி நிமிடம்வரை கொடியை யாரிடமும் கொடுப்பதில்லை என்று மட்டும் தீர்மானித்துக்கொண்டாள்.

சனிக்கிழமை நல்ல வெயில். வலை இல்லாத கோல் கம்பங்கள். முழங்காலுக்குக் கீழ்வரை காற்சட்டை, தலையில் தொப்பி. வகுப்பின் கோல்காப்பாளர் தங்கராசாவுக்கு ஐம்பத்தைந்து வயது. மனைவியின் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார்.

பத்தாவது நிமிடத்தில் கிளப் ஆட்டக்காரன் ஒருவன் பந்தைக் கையால் தட்டி எடுத்துக்கொண்டு போய் கோல் போட்டான். வசந்தினி பார்த்தாள். கொடி தொடையோடு ஒட்டியே இருந்தது. அவள் தன் அணியைப் பார்த்தாள். அணி அவளைப் பார்த்தது. ஒருவர்கூடக் கை தூக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தங்கராசாவை இரண்டு கையாலும் தள்ளிவிட்டு இரண்டாவது கோல். அப்போதும் அவர் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டாரே தவிர, வாய் திறக்கவில்லை.

இடைவேளையில் கோயம்புத்தூர்க்காரன் சஞ்சய் அவளிடம் பாய்ந்து வந்தான்.

"என்னங்க இது? கண்ணு முன்னாடி கையால தட்றான், நீங்க பாட்டுக்கு சிலை மாதிரி நிக்கிறீங்க?"

"நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லையே. கேட்டால்தான் நான் குடுக்கலாம். தாளிலை நாலாவது வரி."

"எந்தத் தாள்?"

"பிள்ளை," என்றார் தங்கராசா, "பேனாவாலை வெட்டிக் கிடந்ததே, அதுவோ? பிழையான கடதாசியாக்கும் எண்டு நான் அதிலை வடை சுத்திக்கொண்டு வந்தனான்."

எல்லோரும் சிரித்தார்கள். முன்னணியில் ஆடும் மயூரதன் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீர்ப் போத்தலை மூடிக்கொண்டே சொன்னான்: "வாசிச்சாலும் கை தூக்கியிருக்க மாட்டம், வசந்தினி. வேலையிலை வாய் திறந்தால் அடுத்த கிழமை ரோஸ்டரிலை பேர் இராது. அது பழகிப்போச்சு."

"இஞ்சை ரோஸ்டர் இல்லை அண்ணா. இஞ்சை நான் நிக்கிறன். கேளுங்கோ."

இரண்டாம் பாதியில் கேட்டார்கள், அதுவும் கொஞ்சநஞ்சமாக இல்லை. பந்து உயரமாகப் போனதற்கு முறையீடு, எதிராளி தும்மியதற்கு முறையீடு. கோலுக்குப் பக்கத்தில் புறா வந்து இறங்கியதற்கும் தங்கராசா கையைத் தூக்கினார். வசந்தினி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தாள். சஞ்சய் ஒன்றும் மயூரதன் ஒன்றுமாக நேர்மையாகவே இரண்டு கோல் போட்டார்கள். இரண்டுக்கு இரண்டு.

அதன்பிறகு கிளப்காரன் ஒருவன் பந்தை முன்கையால் அணைத்துக் கீழே இறக்கி மூன்றாவதைப் போட்டான். மயூரதனின் கை உயர்ந்தது. வசந்தினியின் கொடியும் உயர்ந்தது. கொலினின் கொடி உயரவில்லை. தீர்ப்பு கோட்டுக்கு வெளியே இருந்த ஜூடித்திடம் போனது. அவர் தயங்கித் தயங்கி, "நானும் பார்த்தேன். கோல் இல்லை" என்றார்.

கொலின் களத்தின் நடுவே நடந்து வந்தார். முகம் சிவந்திருந்தது.

"போதும். இந்தப் பெண் தன் ஆட்களுக்காகக் கொடி பிடிக்கிறாள். விதியும் சரியாகத் தெரியாது. மிச்சத்துக்கு எங்களில் ஒருவர் நிற்கட்டும்."

ஜூடித் வசந்தினியின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "இது நட்புக்காக ஆடும் ஆட்டம்தானே, வசந்தினி. இன்னும் பத்து நிமிடம்தான். ஏன் வீண் பிரச்சினை?"

கொலின் கையை நீட்டினார். வசந்தினி கொடிக்கம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். ஆங்கிலத்தில் பேச வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் அடுக்கிப் பார்க்க நேரம் இருக்கவில்லை.

"பெனல்டியைப் பிழையாக எழுதியது நான்தான். நாற்பது தாளிலும் நானே வெட்டினேன். இது பிழையில்லை. எங்கள் நடுவரை நாங்கள்தான் தெரிவு செய்வோம். அதுவும் விதி. வேண்டுமானால் இங்கே நின்று வாசித்துக் காட்டுகிறேன்." பிறகு தன் அணியின் பக்கம் திரும்பினாள். "என்னை மாத்தப் போறியளோ?"

"விசரோ உனக்கு?" என்று கோல் வாசலிலிருந்து தங்கராசா கத்தினார். "போய் உன்ரை இடத்திலை நில்லு பிள்ளை!"

அவள் தன் இடத்துக்குப் போனாள். கொலினின் நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்து, பிறகு காற்சட்டைப் பைக்குள் போனது.

கடைசி நிமிடம். சஞ்சய் உயரமாக அனுப்பிய பந்து மயூரதனின் முழங்கையில் பட்டுக் காலடியில் விழுந்தது. ஒரே உதை. கோல். வகுப்பு முழுவதும் துள்ளிக் குதித்தது. கிளப் அணியின் தலைவன் கையைத் தூக்கினான். கொலினின் கொடி மேலே போனது.

ஜூடித் அந்த நேரம் கடிகாரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதையும் கண்டிருக்க முடியாது. வசந்தினி கொடியைத் தாழ்த்தியே வைத்திருந்தால் போதும், தீர்ப்பு அவரிடம் போகும். தான் காணாத ஒன்றுக்காக அவர் கோலை மறுக்கப்போவதில்லை. பதினொரு பேரும் அவளையே பார்த்தார்கள். இவ்வளவு நேரம் அவளுக்காக நின்றவர்கள்.

கொடியை உயர்த்தினாள்.

"ஐயோ, நம்ம ஆளுங்க அது!" என்றான் சஞ்சய்.

மயூரதன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "உனக்கென்ன விசரே? ஆரின்ரை பக்கம் நீ?"

"உங்கடை முழங்கையிலை பட்டது அண்ணா. உங்களுக்கும் தெரியும்."

"ஓம், பட்டதுதான். இப்ப அதுக்கென்ன?"

"அதுக்கு அவைக்கு ஃப்ரீ கிக். தள்ளி நில்லுங்கோ."

அவன் அவளை முறைத்துப் பார்த்தான். அவளும் பார்வையைத் தாழ்த்தவில்லை. கடைசியில் தள்ளி நின்றான்.

ஆட்டம் சமநிலையில் முடிந்தது. மயூரதன் அவளுக்குச் சொல்லாமலே வேனில் ஏறிப் போய்விட்டான். கொலின் கோல் கம்பங்களைக் கழற்றிக்கொண்டிருந்தவர், அவள் கடந்து போகும்போது நிமிர்ந்தார்.

"கடைசியில் சரியாகத்தான் செய்தாய்."

"முன்னதையும் சரியாகத்தான் செய்தேன்."

அவர் கையிலிருந்த கம்பத்தைப் புல்லில் கிடத்தினார். "லீக் முறைப்படி இரண்டாவது ஆட்டம் ஒன்று இருக்கிறது. ஆகஸ்டில். அதற்குள் அனுபவமுள்ள யாரையாவது தேடுங்கள்" என்றார்.

மே 17, சனிக்கிழமை. இரண்டுக்கு இரண்டு. தங்கராசா அங்கிளைத் தள்ளிவிட்டுப் போட்ட கோலுக்கு அவர் முறையிட்டிருந்தால் நாங்கள் வென்றிருப்போம். மயூரதன் அண்ணா கோபத்தில் இருக்கிறார். நான் கொடி தூக்கியது சரி. இதை மறுபடி யோசித்தும் பார்த்தேன், சரிதான்.

நாளை: காலை ஆறு மணிக்கு வேலை. இரண்டு மணிக்கு முடியும். வந்ததும் கிளப்புக்குக் கடிதம் எழுத வேண்டும். ஆகஸ்ட் ஆட்டத்திலும் எங்கள் நடுவர் நான்தான் என்று.