பீடம் ஏறாத கீரை

அறுவடை ஞாயிறு காலை. பீடத்தின் முன்னே, யாம் கிழங்குக்கும் பூசணிக்கும் நடுவில் அயோனி வைத்த கட்டுகளை ஐசில்டா இரண்டு கையாலும் வாரிக்கொண்டுபோய், வாசலோரம் குரோட்டன் தொட்டிகளோடு சேர்த்தாள். காணிக்கை அடுக்குவது அவள் பொறுப்பு. எங்கள் சபையில் முறை இதுதான்: தின்பது பீடத்துக்கு, பூ வாசலுக்கு.

"அக்கா, அது கீரை."

"முத்தத்துல அழகுக்கு நிக்கிறத கீரைங்குற. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

ஐசில்டாவையும் குறை சொல்ல முடியாது. நுனி கங்குபோலச் சிவப்பு, நடுவில் மஞ்சள், அடியில் பச்சை. பைபிளில் யாக்கோபு தன் செல்ல மகன் யோசேப்புக்குத் தைத்துக் கொடுத்த, அண்ணன்மார் பொறாமையில் உருவி ரத்தத்தில் தோய்த்த பலவருண அங்கியை நினைத்துத்தான் இதற்கு யோசேப்பின் அங்கி என்று பேர். ஜமைக்காவில் நாங்கள் பச்சைக் கலலூக் கீரையைத்தான் தின்போம். இதைப் பார்ப்பதோடு சரி. அயோனி கயானாவில் சமையல் வேலையில் இருந்தவள். அங்கே இது தினசரிக் கீரை. விதையை அங்கிருந்துதான் கொண்டுவந்தாள்.

அயோனியின் அப்பன் விட்டுப்போன குடும்ப நிலத்தைப் பங்கு போட முடியாது. அதில் உணவு விளைவிக்கிறவர் கையில் அது இருக்கும். இந்த வறட்சியில் அண்ணன்மார் இருவரின் கலலூவும் கருகிப்போயிற்று. அயோனியின் பாத்தி மட்டும் நிறம் நிறமாய் நின்றது. அது அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

மூத்தவன் யூஸ்டஸ் கோயில் படியில் வைத்தே சொன்னான்: "யோசேப்பு அங்கிய உடுத்துனான் தங்கச்சி, திங்கல. பூ வளக்கவா அப்பன் நெலம் வச்சுட்டுப் போனாரு? நாளைக்கு அங்க ஆட்டுக் கொட்டில்."

இளையவன் வில்மட் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தான்.

அயோனி கட்டுகளை அள்ளிக்கொண்டு பின்கட்டுச் சமையல் கொட்டகைக்குப் போனாள். வெங்காயம், தைம் தழை, உப்பு மீன், கடைசியில் தேங்காய்ப்பால். பாஸ்டர் நீண்ட ஜெபத்தில் இருந்தபோது வாசனை ஜன்னல் வழியே உள்ளே வந்தது. கண்ணை மூடியிருந்தவர்கள் மூக்கைத் திறந்தார்கள். அன்றைக்கு ஆமென் கொஞ்சம் சீக்கிரமே வந்தது.

முதல் தட்டை ஐசில்டாதான் நீட்டினாள், சோதித்துப் பார்க்க என்று. ஒரு வாய் தின்றாள். மீந்திருந்த ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு நடுவழியே நடந்துபோய், பூசணியைத் தள்ளிவிட்டுப் பீடத்தின் முன்னே வைத்தாள். பெண்கள் கைதட்டினார்கள்.

வரிசை வாசலைத் தாண்டி நீண்டது. வில்மட் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அவனுக்கு முன்னால் யூஸ்டஸ்.

"பூவத் திங்கவா வந்தீங்க அண்ணே?"

"ஊத்துடி. பசிக்குது."

"பஞ்சத்துல யோசேப்புகிட்ட தானியம் கேட்டு வந்த அண்ணன்மாரு யாரு? பைபிள் படிச்சவருதான நீங்க?"

வரிசையே குலுங்கிச் சிரித்தது. அவனுக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. அயோனி அண்ணன் தட்டில் இரண்டு கரண்டி கூடவே ஊற்றினாள். அவன் நின்ற இடத்திலேயே தின்று முடித்தான்.

"டேய் வில்மட், கொட்டிலுக்கு வெட்டுன கம்ப விறகாக்கிரு," என்று திரும்பாமலே சொல்லிவிட்டு, மறுபடி தட்டை நீட்டினான். கீரையின் சிவப்புச் சாறு அவனுடைய வெள்ளை ஞாயிற்றுச் சட்டையில் நெஞ்சோடு வழிந்து, மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. அவன் துடைக்கவில்லை.