ஐந்தாவது காய்

சாமிதுரை வீட்டு வேலியில் ஏறியிருந்த பாகற்கொடி, அந்த வீட்டில் எத்தனை வாயோ அத்தனை காய்தான் தினமும் காய்க்கும். கோடையிலும் ஐப்பசி மழையிலும் இதே கணக்குத்தான். அரிசி கழுவிய தண்ணீரும் அடுப்புச் சாம்பலும் தவிர அதற்கு வேறு உரம் கிடையாது. ஆளுக்கு ஒரு காய், நொய்க்கஞ்சி, வயல் நண்டு கிடைத்தால் அதுவும் என்று குடும்பம் ஓடியது. ரேஷன் அட்டைக்கு ஆள் எண்ண வந்தவர் குடிசைக்குள் நுழையவே இல்லை. கொடியில் காயை எண்ணி எழுதிக்கொண்டு போனார். மூன்றாவது பெண் வயிற்றில் தங்கியதை தாய் அம்சவல்லிக்கு முன்னால் கொடிதான் அறிந்தது. ஒரு நாள் காலையில் நான்கு ஐந்தாயிற்று.

அந்த மாதமே குறுவை அறுப்பில் கூலித் தகராறு வந்தது. செங்கொடி பிடித்து மதகடியில் நின்ற சாமிதுரையைப் போலீஸ் வேனில் ஏற்றியதை ஊரே பார்த்தது. அப்படி ஒரு ஆள் ஏறவே இல்லை என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். ஆனால் மறுநாளும் ஐந்து காய் இருந்ததால் அம்சவல்லி அழவில்லை. புருஷன் பங்கைத் தினமும் நறுக்கி, உப்புப் போட்டு, வெயிலில் வற்றலாக்கி அவனுக்கென்று பானையில் சேர்த்தாள். நாலு வருஷத்தில் மூன்று பானை நிறைந்தது. ஆடிப் பஞ்சத்தில் மூத்தவள், “இன்னிக்கு மட்டும் அப்பா காயை ஆக்கும்மா. அவர் வந்தா நாளைக்குக் காய்க்கும்ல” என்று கெஞ்சினாள். “இன்னிக்கே வந்து நின்னா என்னடி சொல்லுவேன்?” என்று அம்சவல்லி பானை வாயை இறுகக் கட்டினாள். அப்பன் முகமே பார்க்காத கடைசிப் பெண், அந்த ஐந்தாவது காய்க்குத்தான் அப்பா என்று பெயர் என நினைத்து வளர்ந்தாள்.

பிறகு, குடியிருப்பவர்களுக்கே மனைக்கட்டு சொந்தம் என்று சர்க்கார் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை அந்த மண் மிராசுதாருடையது. பட்டா எழுத வந்த குமாஸ்தா, வீட்டுக்காரர் ஆஜராக வேண்டும், இல்லாவிட்டால் அவர் உயிரோடு இல்லை என்று மனைவி எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்.

“இருக்காருங்க. காலையிலகூட அஞ்சு பறிச்சேன்.”

மிராசுதாரின் காரியக்காரர் இராஜாங்கம் சிரித்தார். “பாகக்காயைச் சாட்சிக்குக் கூப்பிடுறாளே! குமாஸ்தா ஐயா, வெள்ளிக்கிழமை வரைக்கும் பாருங்க. ஆள் வரலைன்னா குடிசையைப் பிரிச்சுட்டு நாங்க வேலி போட்டுக்குறோம்.”

வியாழக்கிழமை வரை அம்சவல்லி மதகடியிலேயே நின்று பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களை எல்லாம் பார்த்தாள். பக்கத்துக் குடிசைப் பொன்னுத்தாய்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். “காகிதத்துல எழுதிட்டா ஆளு செத்துருவாரா தங்கச்சி? மூணு பொட்டப்புள்ளையை வச்சுக்கிட்டு எங்க போய் நிப்ப? கையை வச்சுட்டு வா.”

வெள்ளிக்கிழமை, குமாஸ்தா ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்ட, அம்சவல்லி பெருவிரலை உருட்டி வைத்தாள். மையை வேட்டித் துண்டில் துடைத்துக்கொண்டாள். அது சாமிதுரையின் பழைய வேட்டி.

சனிக்கிழமை காலையில் பறிக்கப் போன கடைசிப் பெண் வேலியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஒவ்வொரு இலையாகத் தூக்கிப் பார்த்தாள்.

“அம்மா, அப்பாவைக் காணோம்.”

ஞாயிற்றுக்கிழமையும் நான்குதான். சாமிதுரை எங்கோ அன்றைக்குத்தான் செத்தான் என்றார்கள் சிலர். சர்க்கார் காகிதத்தைக் கொடி நம்பிவிட்டது என்றார்கள் மற்றவர்கள். பொன்னுத்தாய்தான் அம்சவல்லியின் தாலியைக் கழற்றினாள்.

பதினாறாம் நாள் மூன்று பானைகளையும் அவிழ்த்தார்கள். அத்தனையும் சாமிதுரை உண்ணாமல் விட்ட பங்கு. தெரு முழுக்க உட்கார்ந்து வற்றல்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டும் அரைப்பானை மிஞ்சியது. இராஜாங்கம்கூட ஒரு கிண்ணம் வாங்கிப்போனார். மார்கழியில் பட்டா வந்தது. அம்சவல்லி அதைக் கூரைக் கீற்றில் செருகி வைத்தாள். மூத்தவளைக் கட்டிக்கொடுத்த மறுநாள் கொடியில் மூன்று காய் இருந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை.